பழைய பெயர், புதிய எஞ்சின்

1964 அக்டோபரில் நடந்த பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே தன் புதிய காரை நிறுத்தியிருந்தது. ஓராண்டுக்கு முன் ஃப்ராங்ஃபர்ட்டில் முதன்முதலாகக் காட்டியபோதே அதற்கு 901 என்று எண் வைத்தாயிற்று. விளம்பரத் தாள்கள் அச்சாகிவிட்டன, கார்களும் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிவிட்டன. அப்போது பியூஜோ குறுக்கே வந்தது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்க எண்ணைக் காருக்குச் சூட்டும் உரிமை பிரான்சில் தனக்கே உண்டு என்றது. 1929இல் வந்த 201 முதல் அந்த நிறுவனம் அப்படித்தான் எண்ணிட்டு வந்தது. போர்ஷே வழக்கு வம்புக்குப் போகாமல் நடு இலக்கத்தை மாற்றி 911 ஆக்கிக்கொண்டது. அதற்குள் 901ஆக உருவானவை 82 கார்கள்.

இன்று விளையாட்டுக் கார் ஆர்வலர்கள் மந்திரம் போலச் சொல்லும் எண் இப்படி ஒரு சட்டச் சிக்கலில் பிறந்ததுதான். இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஃபோர்டு மஸ்டாங் ஜெர்மனியில் 1970களின் இறுதிவரை டி-5 என்றே விற்றது, ஏனென்றால் அங்கே மஸ்டாங் என்ற பெயர் க்ரூப் நிறுவனத்தின் லாரிகளுக்கு உரியதாக இருந்தது. லெ மான்ஸில் வென்ற ஜிடி40ஐ ஃபோர்டு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி செய்தபோது அந்தப் பெயரின் உரிமை வேறொருவர் கையில் இருந்தது. கார் வெறும் ஃபோர்டு ஜிடி ஆயிற்று. ஆகவே ஒரு காரின் பெயர் அதன் உடம்போடு பிறந்தது என்று பேசுவது வீண். பெயர் ஒட்டப்படுகிறது, பிறகு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிக்கொண்ட பிறகு காரை மாற்றினால் என்ன செய்வது? எஞ்சின், எடை, சில வேளை எஞ்சின் இருக்கும் இடம்கூட மாறும்போது பழைய பெயரையே தொடரலாமா?

எத்தனை பாகங்கள் மாறின என்று எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அந்த வழி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பதற்கு 911ஐ விடச் சான்று வேண்டாம்.

1963இல் காட்டப்பட்ட காரில் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவான, 130 குதிரைத்திறன் கொண்ட, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. 1989 மாடலாக வந்த 964 என்ற தலைமுறையில் 85 விழுக்காடு புதிது என்று போர்ஷேயே சொன்னது. முறுக்குக் கம்பிகளுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வகை வந்தது. கண்ணுக்கு மட்டும் பழைய கார் போலவே இருந்தது. யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஆனால் 1997இல் வந்த 996க்கு வீடு இரண்டுபட்டது. அந்தக் காரில் எஞ்சின் தண்ணீரால் குளிர்ந்தது. எஞ்சின் இருந்த இடம், சிலிண்டர்களின் எண்ணிக்கை, அவை கிடைமட்டமாகப் படுத்திருக்கும் அமைப்பு எல்லாம் அப்படியேதான். என்றாலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் காதில் பழகிய விசிறிச் சத்தம் போயிற்று. முகப்பு விளக்குகளைப் பார்த்தவர்கள் பொரித்த முட்டை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 85 விழுக்காட்டை ஏற்றுக்கொண்ட அதே கூட்டம் ஒரு குளிர்விப்பு முறையையும் ஒரு விளக்கையும் ஏற்க மறுத்தது. விழுக்காட்டுக் கணக்கில் இதற்கு விடை இல்லை.

தண்ணீருக்கு மாறியதில் பொறியாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. சத்தத்துக்கும் புகைக்கும் விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் எரிதல் சுத்தமாகும், திறனும் கூடும். ஆனால் அப்படி நெருக்கமாக அமைந்த சிலிண்டர் தலையைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது கடினம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பணம். 1990களின் தொடக்கத்தில் நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது. 1993இல் பொறுப்பேற்ற வெண்டலின் வீடெக்கிங் ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்துத் தொழிற்சாலையை உலுக்கி எடுத்தார். 911இன் முன்பக்கத்தை, அதைவிடப் பல ஆயிரம் மார்க் மலிவான தன் இன்னொரு காரான பாக்ஸ்டரோடு பகிர்ந்துகொள்ளும் முடிவு இந்தச் சிக்கனத்தில் விளைந்தது. மக்கள் கோபத்தில் பாதி உண்மையில் இதன்மேல்தான். தண்ணீரைத் திட்டியவர்கள் பலர் விளக்கைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் என்பது என் எண்ணம்.

அதற்கு முன்பே ஒருமுறை அந்தப் பெயர் செத்துப் பிழைத்திருந்தது. 1977இல் போர்ஷே 928ஐக் கொண்டுவந்தது. எஞ்சின் முன்னால், எட்டு சிலிண்டர், தண்ணீர்க் குளிர்விப்பு. மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதும் பெற்றது. அன்றைய தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மானின் கணக்கில் அதுதான் 911இன் வாரிசு. 1981இல் பீட்டர் ஷூட்ஸ் தலைவரானார். பொறியியல் பொறுப்பாளர் ஹெல்முட் போட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்ததையும், அதில் 928, 944 ஆகியவற்றின் கோடுகள் நீண்டு செல்ல 911இன் கோடு 1981 முடிவில் நின்றுவிட்டதையும் பின்னாளில் ஷூட்ஸே சொல்லியிருக்கிறார். மார்க்கர் பேனாவை எடுத்து அந்தக் கோட்டைப் படத்தைத் தாண்டிச் சுவரெங்கும் இழுத்து வாசல் வரை கொண்டுபோனாராம். எதையும் சொந்தக் கதையாகச் சொல்பவர்கள் கொஞ்சம் மெருகேற்றுவது உண்டு. ஆனால் முடிவு வரலாற்றில் இருக்கிறது. 928 தன் பெயரோடு 1995இல் நின்றுபோனது, 911 இன்னும் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 928க்கு 911 என்று பெயர் வைத்து விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாங்குபவர்கள் அதை ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய காரோடு ஒப்பிட்டிருப்பார்கள். எடை ஏன் கூடியது, எஞ்சின் ஏன் முன்னால் வந்தது என்று கேட்டிருப்பார்கள். புதுப் பெயர் அந்தக் கேள்விகளிலிருந்து அதைக் காப்பாற்றியது. தனியாக, நல்ல காராக, சற்று அந்நியமாக வாழ்ந்து முடிந்தது. 996க்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அது 911 என்ற பெயரைச் சுமந்துகொண்டு வந்ததால்தான் அத்தனை வசவு வாங்கியது. அந்த வசவுக்குப் பலனும் கிடைத்தது. 2002 மாடலில் விளக்குகள் மாறின. 2004இல் வந்த 997இல் வட்ட விளக்குகள் திரும்பின, பாக்ஸ்டரின் முகத்திலிருந்து தெளிவாகப் பிரிந்த முகமும் வந்தது.

இதிலிருந்துதான் என் வாதம். பழைய பெயரைத் தொடரும் நிறுவனம், பழைய காரோடு தன்னை ஒப்பிடும் உரிமையை வாங்குபவர் கையில் கொடுக்கிறது. பெயரை மாற்றும் நிறுவனம் அந்த உரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எனவே புதுப்பித்தலுக்குப் பிறகும் பெயர் தொடர வேண்டும் என்பதே என் பக்கம். பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெயர் தொடர்ந்தால்தான் கேள்வி கேட்க முடிகிறது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு இன்னும் துல்லியமான சான்று. 1989இல் வந்த முதல் கார் ஒரு டன்னுக்கும் குறைவான எடையில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை பெருத்துவிட்டது. கெட்ட கார் என்று யாரும் சொல்லவில்லை. எம்எக்ஸ்-5 என்ற பெயருக்கு அது கனம் என்றார்கள். 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையில் மாஸ்டா சுமார் 100 கிலோவைக் குறைத்தது. பாதுகாப்பு விதிகளால் எல்லாக் கார்களும் எடை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இது எளிதான காரியம் அல்ல. அந்தப் பெயர் இல்லையென்றால் அந்த 100 கிலோவைக் குறைக்கச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் கேட்டிருக்க முடியாது.

டொயோட்டா சூப்ராவின் கதை சிக்கலானது. 2002இல் நின்ற பெயர் 2019இல் மீண்டும் வந்தபோது, காரின் அடித்தளமும் எஞ்சினும் பிஎம்டபிள்யூவுடையவை, கட்டப்பட்டது ஆஸ்திரியாவின் க்ராட்ஸ் நகரில். இதற்கா சூப்ரா என்று பெயர் என்று கொதித்தவர்கள் நிறைய. ஆனால் நீளவாக்கில் ஆறு சிலிண்டர், முன்னால் எஞ்சின், பின்னால் விசை என்ற 1978 வாக்குறுதியை அது காப்பாற்றியது. கையால் மாற்றும் கியர் மட்டும் இல்லை. பழைய சூப்ராவை வைத்துக் கேட்டவர்கள் விடவில்லை. 2022இல் ஆறு வேகக் கியர் வந்தது. அதே காரில் நான்கு சிலிண்டர் எஞ்சின் வைத்து விற்ற மலிவு வகைக்கு மட்டும் என்னால் வாதாட முடியாது. ஆறு சிலிண்டர் இல்லாத சூப்ரா அதற்கு முன் வந்ததே இல்லை.

கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. எட்டாம் தலைமுறை கார்வெட்டை செவர்லே 2019இல் காட்டியபோது எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. 1953 முதல் அது முன்னால்தான் இருந்தது. கார்வெட்டின் தந்தை என்று போற்றப்படும் ஜோரா அர்க்கஸ்-டன்டோவ் 1960களிலிருந்தே நடுவில் எஞ்சின் வைக்க ஆசைப்பட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டியவர். கார்வெட்காரர்கள் பெரும்பாலும் இதை ஏற்றுக்கொண்டார்கள். பழைய பாணி வி8 எஞ்சின் தங்கியது, தொடக்க விலை 60,000 டாலருக்கு ஐந்து டாலர் குறைவாக நின்றது, பின்பெட்டியில் இரண்டு கோல்ஃப் பைகள் அடங்கின. சிரிக்க வேண்டாம், கோல்ஃப் பை கார்வெட் வாங்கும் ஓய்வுபெற்ற அமெரிக்கருக்கு உயிர்நாடி. கிளட்ச்சுக்கான மூன்றாவது பெடலை மட்டும் எவ்வளவு கேட்டும் தரவில்லை. எஞ்சின் இடம் மாறியது பெயரைக் குலைக்கவில்லை என்றே சொல்வேன். வாங்குபவரின் வாழ்க்கையில் அந்தக் கார் உட்கார்ந்திருந்த இடம் மாறவில்லை.

இனி வேறு வகை. 2015 இலையுதிர் காலத்திலும் அடுத்து வந்த ஜனவரியிலும் போர்ஷே அடுத்தடுத்து இரண்டு கார்களைப் புதுப்பித்தது. இரண்டிலும் காரணம் ஒன்றுதான்: புகை விதிக்காக எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ பொருத்துவது. 911 கரேராவில் 3.4 லிட்டர் எஞ்சின் போய் இரட்டை டர்போ கொண்ட 3 லிட்டர் வந்தது. பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. டர்போ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு 911 இருந்ததால், டர்போ பொருத்திய கரேராவும் டர்போ என்ற பெயருள்ள காரும் ஒரே கடையில் நின்றன. (2019இல் எரிபொருளே இல்லாத மின்சார டைகானுக்கும் டர்போ என்று பட்டம் கட்டினார்கள். அதோடு அந்தச் சொல்லின் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.) பாக்ஸ்டர், கேமன் கார்களிலோ ஆறு சிலிண்டரே போய்விட்டது. அந்த இடத்தில் நான்கு. திறன் குறையவில்லை. சாதாரண பாக்ஸ்டர் 265 குதிரைத்திறனிலிருந்து 300க்கு ஏறியது, ‘எஸ்’ வகை 315இலிருந்து 350க்கு. போனது சத்தம். அந்தக் கார்களுக்குத்தான் புதிதாக 718 என்ற எண்ணை முன்னால் சேர்த்தார்கள்.

718 என்பது 1957இல் வந்த பந்தயக் கார். 1959, 1960 இரண்டு ஆண்டுகளும் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றது. அதற்கு நான்கு சிலிண்டர். ஆக, இரண்டு சிலிண்டரை எடுத்துவிட்ட இடத்தில் ஒரு வரலாற்றை வைத்தார்கள். காரின் உடல் பெரும்பாலும் முந்தைய தலைமுறையினுடையதே. பெயர் தொடர்ந்திருந்தால் ‘பாக்ஸ்டரில் ஏன் நான்கு?’ என்று கேட்டிருப்பார்கள். எண் சேர்ந்ததும் ‘718இலும் நான்குதானே’ என்று பதில் தயார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சாமர்த்தியம்தான். ஆனால் பலிக்கவில்லை. பாக்ஸ்டர், கேமன் என்ற பெயர்களும் கூடவே இருந்ததால் மக்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். 2019இல் ஜிடி4, ஸ்பைடர் வகைகளிலும், 2020இல் ஜிடிஎஸ் வகையிலும் 4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் திரும்பியது. அப்போதும் 718 என்ற எண்ணை எடுக்கவில்லை. நான்கு சிலிண்டருக்காகக் கொண்டுவந்த பெயர் ஆறு சிலிண்டர் காரின் பின்பக்கத்திலும் மின்னியது.

ஃபெராரியில் இதெல்லாம் தலைகீழ். அங்கே பெயரை மாற்றுவதுதான் வழக்கம். 1984இன் டெஸ்டரோசா சற்றே புதுப்பிக்கப்பட்டு 512 டிஆர் ஆயிற்று, 1994இல் இன்னும் கொஞ்சம் மாறி எஃப்512 எம் ஆயிற்று. 2009இல் 458, 2015இல் 488, 2019இல் எஃப்8 என்று மூன்று பெயர்கள் வந்தன. மூன்றுக்கும் அடியில் ஏறக்குறைய ஒரே அலுமினியக் கூடுதான். எண் வைக்கும் முறையும் ஒவ்வொரு முறையும் மாறியது. 458இல் லிட்டரும் சிலிண்டரும், 488இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, எஃப்8இல் சிலிண்டர் எண்ணிக்கை மட்டும். டர்போ இல்லாத கடைசி நடு எஞ்சின் வி8 என்று 458ஐ இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள். 488 வந்தபோது அந்தப் பேச்சு எழத்தான் செய்தது. ஆனால் அது 458இன் புகழாகப் போயிற்றே தவிர 488 பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக நிற்கவில்லை. ஃபெராரி வாங்குபவர் பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர், அடுத்த பெயருக்காகக் காத்திருப்பவர். புதுப் பெயர் அவருக்குச் செய்தி, நிறுவனத்துக்கு வருமானம். இரு தரப்பும் மகிழ்ச்சியாக இருக்கும் இடத்தில் நான் நீதி பேசுவது சற்றுக் கேலிக்குரியதுதான். இருந்தாலும் 2025இல் வந்த 849 டெஸ்டரோசாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது எஸ்எஃப்90 என்ற கலப்பின மின்காரின் இடத்துக்கு வந்த, அதிலிருந்தே வளர்ந்த கார், எஞ்சின் டர்போ பொருத்திய வி8. 1984இன் காரிலோ கிடைமட்டமாகப் படுத்த பன்னிரண்டு சிலிண்டர். ஒரு காரின் புதுப்பித்தலுக்கு, தொடர்பில்லாத இன்னொரு காரின் பெயர். இதை எஸ்எஃப்90ஓடும் ஒப்பிட முடியாது, பழைய டெஸ்டரோசாவோடும் ஒப்பிட முடியாது. பாக்ஸ்டரில் அரைகுறையாக நடந்தது இங்கே முழுமையாக நடந்திருக்கிறது.

பெயரைத் தொடர்வதே மேல் என்று சொல்லிவிட்டால், எதற்கும் எந்தப் பெயரையும் ஒட்டலாமா என்ற கேள்வி வரும். அதற்கு மஸ்டாங்கிடம் போக வேண்டும்.

1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங், பத்தே ஆண்டுகளில் கொழுத்துப் பெரிதாகிவிட்டது. 1974 மாடலாக வந்த மஸ்டாங் 2 சின்னக் காரான பின்ட்டோவின் உறவில் பிறந்தது. முதல் ஆண்டில் வி8 எஞ்சினே கிடையாது. இன்றைய ஆர்வலர்கள் அதை வாயால் சொல்லவே கூசுவார்கள். ஆனால் முந்தைய ஆண்டு சுமார் 1,35,000 விற்ற மஸ்டாங் அந்த ஆண்டில் 3,85,000க்கும் மேல் விற்றது. சந்தைக்கு வந்த அடுத்த மாதமே எண்ணெய் நெருக்கடி வெடித்தது அதற்கு ஒரு காரணம். மறு ஆண்டு வி8 திரும்பியது. இதையும் பெயரின் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொள்வேன். பழைய காருக்கு அடுத்து, அதன் இடத்தில், அதே ஆட்களுக்காக வந்தது அது.

1980களில் ஃபோர்டு இன்னும் துணிந்தது. அடுத்த மஸ்டாங் மாஸ்டாவின் அடித்தளத்தில், முன்சக்கரங்களுக்கு விசை போகும் காராக இருக்கும் என்று திட்டமிட்டார்கள். 1987இல் செய்தி வெளியானதும் மஸ்டாங்காரர்களின் கடிதங்கள் ஃபோர்டின் அலுவலகத்தில் குவிந்தன. நிறுவனம் பின்வாங்கியது. திட்டமிட்ட கார் ப்ரோப் என்ற புதுப் பெயரோடு 1988இல் வந்தது, பழைய மஸ்டாங்கும் அதே கடையில் தொடர்ந்தது. ப்ரோப் மோசமான காரும் அல்ல. 1997இல் நின்றுபோனது, இன்று நினைப்பார் இல்லை. மஸ்டாங் 1994 மாடலில் புதிய உடலோடு மீண்டு வந்தது. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் ஒரு காரின் பெயரை மட்டும் காப்பாற்றவில்லை. பெயரைக் கொடுக்க மறுத்ததால் பழைய காரே பிழைத்தது.

2019 நவம்பரில் காட்டப்பட்ட மஸ்டாங் மாக்-ஈ மின்சாரத்தில் ஓடுகிறது, நான்கு கதவு கொண்டது, குடும்பத்துக்கான உயரமான கார். மின்சாரம் எனக்கு உறுத்தவில்லை. எஞ்சின் எரிபொருளை எரித்தே ஆக வேண்டும் என்று பெயரில் எங்கும் எழுதவில்லை. கதவு எண்ணிக்கையைக்கூட விட்டுவிடலாம். உறுத்துவது, மஸ்டாங் அதே கடையில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு காருக்கு அதன் பெயரைக் கொடுத்ததுதான். நம் ஊர்க் கடைகளில் ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ என்று பலகை மாட்டுகிறார்களே, இங்கே அந்தப் பலகைக்குக் கீழேயே கிளை திறந்துவிட்டார்கள். மாக்-ஈயைப் பழைய மஸ்டாங்கோடு ஒப்பிட்டுக் குறை சொன்னால், ‘அந்தக் கார் வேண்டுமா, இதோ இருக்கிறதே’ என்பார்கள். மாக்-ஈ மஸ்டாங்குக்குப் பதிலாக வரவில்லை, ஆகவே மஸ்டாங்குக்காகப் பதில் சொல்லவும் அதற்குக் கடமை இல்லை. பெயர் தரும் கவர்ச்சி அதற்குக் கிடைத்தது, பெயர் கொடுக்கும் அடி கிடைக்கவில்லை. 2024இல் அமெரிக்காவில் மாக்-ஈ மஸ்டாங்கைவிட அதிகம் விற்றது. விற்பனையை வைத்து மட்டும் இதைத் தீர்மானிப்பதாக இருந்தால் என் வாதம் தோற்றுவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் கார்க்காரர்கள் தங்களுக்குள் வேறு பெயர்களையே புழங்குகிறார்கள். போர்ஷே ஆட்களிடம் போய் 911 வைத்திருக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி, எது, 993ஆ, 997ஆ என்பதுதான். தண்ணீருக்கு முந்திய கடைசிக் கார் 993, விளக்கு மாறிய பிந்தைய 996 என்று விலையையும் மரியாதையையும் அவர்கள் அந்த உள் எண்களால்தான் அளக்கிறார்கள். நிறுவனங்கள் தொழிற்சாலைக்குள் வைத்துக்கொண்ட குறியீடுகள் இவை, பின்பக்கத்தில் எழுதப்படாதவை. புதுப்பித்தலால் குழப்பம் வரும், அதனால் பெயரை மாற்ற வேண்டும் என்பவர்களின் வாதம் இங்கே வலுவிழக்கிறது. எது எந்தக் கார் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

டொயோட்டாவில் அந்தக் குறியீடே பெயராக ஏறிவிட்ட வேடிக்கையும் நடந்தது. 1983இல் வந்த ஒரு கொரோலா வகைக்குத் தொழிற்சாலையில் ஏஇ86 என்று குறி. மலைப்பாதைகளில் அதைச் சறுக்கி ஓட்டிய இளைஞர்கள் 86 என்றே அழைத்தார்கள். 2012இல் டொயோட்டா புதிய சிறிய விளையாட்டுக் காரைக் கொண்டுவந்தபோது ஜப்பானில் அதற்கு 86 என்றே பெயர் வைத்தது. ஐரோப்பாவில் அது ஜிடி86, அமெரிக்காவில் முதலில் சயான் எஃப்ஆர்-எஸ், பிறகு 86. 2021இல் எஞ்சின் 2 லிட்டரிலிருந்து 2.4 ஆனபோது ஜிஆர்86. ஓட்டுபவர்கள் இவை எதிலும் சிக்கிக்கொள்ளவில்லை. பழையதை இசட்என்6 என்கிறார்கள், புதியதை இசட்என்8 என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி எது மேல் என்று சண்டை போடுகிறார்கள்.